செவுள் முட்களும் மீன்களின் உணவும்

மீனின் செவுள் சுவாசத்திற்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு செவுள் வளைவின் வெளிப்பக்கத்திலும் உள்ள சிவந்த இழைகள் நீரில் கரைந்த ஆக்சிஜனை ஈர்க்கின்றன. வாய்க்குழியை நோக்கிய உட்பக்கத்தில் வரிசையாக அமைந்த செவுள் முட்கள், நீருடன் உணவும் வெளியேறிவிடாமல் தடுக்கின்றன.

தமிழகக் குளங்களில் சேர்த்து வளர்க்கப்படும் மூன்று கெண்டை மீன்கள் இதற்குச் சான்று.

கட்லா: மேல்நோக்கிய அகன்ற வாய், நீண்டு நெருங்கிய செவுள் முட்கள். நீரின் மேல்மட்டத்தில் விலங்கு மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ணும்.

ரோகு: குஞ்சம் போன்ற விளிம்புடைய தடித்த உதடுகள். நடுமட்டத்தில் பாசிகளையும் தாவரப் பொருள்களையும் உண்ணும்.

மிர்கால்: சற்றே கீழ்நோக்கிய வாய். அடிமட்டத்தில் மட்கிய பொருள்களை உண்ணும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இம்மீன்களின் உதடுகளிலும் வாய்க்குழியிலும் சுவை அரும்புகளும் சளிச் செல்களும் தெரியும். சுவை அரும்புகள் உணவையும் சேற்றையும் பிரித்தறிய உதவுகின்றன. சளி மெல்லிய திசுவைக் காத்து, நுண்துகள்களை ஒன்றுசேர்க்கிறது. இவற்றின் தாடைகளில் பற்கள் இல்லை. தொண்டைப் பற்களே உணவை அரைக்கின்றன.

ஒரே இனத்தை மட்டும் வளர்த்தால் குளத்தின் ஒரு மட்டத்து உணவுக்கே போட்டி மிகும். மற்ற மட்டங்களின் உணவு வீணாகும். கூட்டு மீன் வளர்ப்பின் அடிப்படை இதுவே.