மூன்றும் இரண்டும் சேராத கணக்கு

ஒரு தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதுதான் அதன் சுருதி. வீணையில் உங்கள் ஸ 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் அதிர்வு இரட்டித்து 480 ஆகும். அது மேல் ஸ. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிரும்படி அழுத்தினால் 360. அது ப.

ஸ இரண்டு முறை அதிர்வதற்குள் ப மூன்று முறை அதிர்ந்துவிடும். உடனே இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். நொடிக்கு 120 முறை இப்படிச் சந்திக்கின்றன. 2:3 போன்ற சின்ன எண்களின் விகிதம் அமையும்போதுதான் இரண்டு ஸ்வரங்கள் காதுக்கு இதமாக இணைகின்றன.

இப்போது ஒரு விளையாட்டு. ப-வையே ஸ-வாக நினைத்துக்கொண்டு அதற்கும் ஒரு ப கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் 1.5 ஆல் பெருக்கினால் போதும். 480-ஐத் தாண்டிவிட்டால் இரண்டால் வகுத்துக் கீழே இறக்கிக்கொள்ளலாம். 240, 360, 270, 405, 303.75 என்று வரும். அதாவது ஸ, ப, ரி, த, க. இவற்றை ஏறுவரிசையில் அடுக்குங்கள்: ஸ ரி க ப த. பாட்டுக் கற்பவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், மோகனம்! இன்னும் இரண்டு முறை தாவினால் நி-யும் பிரதி மத்யமமும் வந்து சேர்ந்து கல்யாணி ஆகிவிடும். ஒரே ஒரு பெருக்கலிலிருந்து இத்தனை அழகான ராகங்களின் ஸ்வரங்கள் பிறப்பதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மேலும் தாவினால் மொத்தம் 12 ஸ்வரங்கள் கிடைக்கும். சிலப்பதிகாரத்தின் பழைய உரைகள் ஸ்வரங்களைப் பன்னிரண்டு ராசி வீடுகள் கொண்ட வட்டத்தில் வைத்து விளக்குகின்றன. அதற்கு வட்டப்பாலை என்று பெயர். வட்டம் என்றால் பன்னிரண்டாவது தாவலில் புறப்பட்ட ஸ-வுக்கே வந்து சேர வேண்டும் அல்லவா?

கால்குலேட்டரை எடுங்கள். பன்னிரண்டு 1.5-களைப் பெருக்கினால் 129.746. ஏழு ஸ்தாயி, அதாவது ஏழு முறை இரட்டித்து ஏறிய ஸ என்றால் ஏழு 2-களின் பெருக்கல், 128. சேரவில்லை! 240-க்குத் திரும்ப வேண்டிய நாம் 243-ஐத் தாண்டி நிற்கிறோம்.

பன்னிரண்டோடு நிறுத்தாமல் இன்னும் தாவினால் சேருமா? ஒருநாளும் சேராது. 1.5 என்பது மூன்றை இரண்டால் வகுத்தது. ஆகவே வட்டம் மூட வேண்டுமானால், 3-ஐ 3-ஆல் பெருக்கிக்கொண்டே போய்க் கிடைக்கும் எண்ணும், 2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போய்க் கிடைக்கும் எண்ணும் ஓரிடத்தில் சமமாக வேண்டும். முதலாவது 3, 9, 27, 81 என்று எப்போதும் ஒற்றைப்படை. இரண்டாவது 2, 4, 8, 16 என்று எப்போதும் இரட்டைப்படை. கோடி முறை பெருக்கினாலும் ஒற்றை இரட்டையாகாது. சின்ன வகுப்பிலேயே நாம் படித்துவிடும் விஷயம் உலகத்து இசைக்கருவிகளை எல்லாம் இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது.

மீதமாகும் அந்தத் துளியை என்ன செய்வது? சீனாவின் மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த சூ சாய்யூ 1584-இல் ஒரு வழி சொன்னார். துளியைப் பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட வேண்டும். எந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2 வருமோ, அதுவே ஒவ்வொரு படியின் அளவு. அந்த எண் ஏறத்தாழ 1.0595. இன்றைய கீபோர்டுகள் இந்தக் கணக்கில்தான் சுருதி சேர்க்கப்படுகின்றன.

இதில் ப 359.6 ஆகிறது, குறை சொல்ல முடியாது. க-வுக்குத்தான் சங்கடம். ஸ-வோடு 4:5 விகிதத்தில் இணங்கும் க 300 அதிர்வு. தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை அமைதியான அறையில் மீட்டிக் கேளுங்கள். அந்த க அதற்குள்ளிருந்து தானாகவே எழும். கீபோர்டிலோ அது 302.4. ஸ-வையும் க-வையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் ஒலி மெல்ல நடுங்கும். பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

வீணையில் தந்தியை அழுத்தும் இடங்களில் குறுக்காக இருக்கும் 24 மெட்டுகள் கரிய மெழுகில் பதிக்கப்பட்டவை. வீணை செய்பவர் மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை அளவு நகர்த்தி, தந்தியை மீட்டிக் கேட்டு, மறுபடி நகர்த்துவார். வாசிப்பவரும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை வேண்டிய அளவு உயர்த்திக்கொள்வார். கீபோர்டுக் கட்டையில் இந்த இரண்டு வசதியும் கிடையாது.

கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி லூட் என்னும் தந்திக் கருவி வாசிப்பவர். அவர் மெட்டு வைக்க எளிய வழி ஒன்றைச் சொன்னார்: தந்தியின் நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு, மிஞ்சிய நீளத்தை மறுபடி 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டு. பக்கத்தில் வீணையோ கிட்டாரோ இருந்தால், உரியவரிடம் கேட்டுவிட்டு ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 90 செ.மீ. தந்தி என்றால் முதல் மெட்டு 5 செ.மீ.யில் இருக்கும். அடுத்தது எங்கே இருக்கும் என்று அளப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.