மூன்று நாள் ஓட்டம், ஒன்பது நாள் கடல்

நாட்கணக்காகத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத கப்பலில் இருக்கிறீர்கள். கரை நெருங்குகிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?

ஆழ்கடலிலிருந்து திரும்பும் நம் கல்முனை, சாய்ந்தமருது மீனவர்களுக்கு ஒலுவில் வெளிச்சவீடு தெரிந்தால் ஊர் வந்த மாதிரி. 1344ஆம் ஆண்டு, மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதாவுக்குத் தெரிந்தது எது தெரியுமா? நம் பாவா ஆதம் மலை!

மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குத்தான் அவர் புறப்பட்டார். மூன்று நாள் ஓட்டம். ஆனால் கப்பலில் கைதேர்ந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது இலங்கை! புகைத் தூண் போல வானில் மலை எழுந்து நின்றதாம்.

புத்தளத்தில் இறங்கியவரை மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அன்போடு வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த மலையில் உள்ள ஆதம் நபியின் பாதச்சுவட்டைப் பார்க்க வேண்டும், அது ஒன்றே ஆசை என்றார் பதூதா. மன்னர் பல்லக்குக் கொடுத்தார். வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணியோடு அவர்களும் சேர்ந்து மலைக்கு நடந்தார்கள் என்பதை நினைக்கவே மனம் நிறைகிறது.

அதுவரை கப்பல்? ஒரு வருடமானாலும் காத்திருப்பதாகக் கப்பல் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். மலையேறி, தெற்கே தெவிநுவர, காலி, கொழும்பு என்று சுற்றிவிட்டு பதூதா புத்தளம் திரும்பியபோது, கப்பல் தலைவர் சொன்னபடியே அங்கே இருந்தார்.