ராபன் தீவில் ஒரு ரொட்டித் துண்டு

சிறைக்கூடம் மனிதனைத் தனியனாக்கும் என்பர். அது பாதி உண்மையே. சிறையதிகாரி பெரிதும் விரும்புவது, ஒருவரையொருவர் நம்பாத சிறு சிறு கூட்டங்களை. அந்நியர் ஆட்சியில், 1930-ஆம் ஆண்டு முதல், நம் தேசபக்தர்களை ஏ, பி, சி என வகுத்து, ஒரே போராட்டத்தில் சிறை புகுந்தவர்களுள் ஒருவருக்கு வசதியும் மற்றவருக்கு வெறுங் கஞ்சியும் அளித்த தந்திரத்தை நேயர்கள் அறிவார்கள். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சியோ தோலின் நிறத்தையே இதற்கு அளவுகோலாகக் கொண்டது.

1964 ஜூன் மாதத்தில், ஆயுள் தண்டனை பெற்ற நெல்ஸன் மண்டேலா முதலிய எழுவர், கேப்டவுன் நகருக்கு எதிரே கடலிலுள்ள ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் அஹமத் கத்ராடா ஒருவரே இந்திய வம்சத்தினர், எல்லாரினும் இளையவர், வயது 34. அத்தேசத்தில் ஜூன் குளிர்காலம். கத்ராடாவுக்கு நெடுங்காற்சட்டையும் காலுறையும் கிடைத்தன. ஐம்பதைக் கடந்த வால்டர் ஸிஸுலுவுக்கும் கோவன் எம்பேக்கிக்கும் சிறுவர் அணிவது போன்ற அரைக்காற்சட்டை! உணவும் அவ்வாறே. இந்தியருக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கருக்கு இல்லை. சர்க்கரையும் இறைச்சியும் கூட அவர்களுக்குக் குறைவு.

இச்சலுகைகளை உதறிவிடக் கத்ராடா எண்ணினார். மானமுள்ள எவரும் அவ்வாறே எண்ணுவர். தோழர்கள் தடுத்தனர். உள்ளதை இழந்து சமமாவதால் சிறையதிகாரிக்கே லாபம். இல்லாதவருக்கும் அது கிடைக்கும்படி போராடுவதே முறை என்றனர். அவர் இணங்கினார். ரொட்டியில்லாத தோழன் பக்கத்தில் அமர்ந்து ரொட்டி உண்பது உண்ணாவிரதத்தினும் கடிய விரதம் என்றே நமக்குத் தோன்றுகிறது. உணவில் நிறபேதம் ஒழிய 1979 வரை, 15 ஆண்டுகள் சென்றன.

இனி, கைதிகளுக்குள்ளேயே எழும் பேதம். சிறையில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் அமைத்துக்கொண்ட மேற்குழுவில் மண்டேலா, ஸிஸுலு, எம்பேக்கி, ரேமண்ட் முஹ்லாபா ஆகிய நால்வர் இருந்தனர். நால்வரும் பிறப்பால் கோஸா இனத்தவர். இது தற்செயலே, ஆயினும் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர்கள் வெறும் சமாதானம் கூறி நிற்கவில்லை. பிற இனத்தவர் மாறிமாறி வகிக்க ஐந்தாம் ஸ்தானம் ஒன்றை ஏற்படுத்தினர். கத்ராடா அதில் ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தார்.

1976-ஆம் ஆண்டு ஸொவெட்டோ கிளர்ச்சிக்குப் பின் வந்த வாலிபர்கள் வேறு வார்ப்பு. அதிகாரி முன் தொப்பியைக் கழற்றவும் மறுத்தனர். முதியோரை மிதவாதிகள் என்றனர். கறுப்பர் தன்னுணர்வு இயக்கத்தைச் சேர்ந்த பேட்ரிக் லெகோட்டா காங்கிரஸில் சேர்ந்ததும், அவ்வியக்கத்தான் ஒருவன் மண் கிளறும் இரும்புக் கருவியால் அவரைத் தாக்கினான். அதிகாரிகள் வழக்குத் தொடர முற்பட்டனர். அவர்களுக்கு இதைவிட இனிய வாய்ப்பு ஏது? மண்டேலாவின் ஆலோசனைப்படி லெகோட்டா சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். வழக்கு விழுந்தது. அதன்பின் அவ்வாலிபர்களில் பலர், தாக்குதலுக்குத் திட்டமிட்டோரிற் சிலர் உட்பட, காங்கிரஸில் சேர்ந்தனர் என மண்டேலா எழுதியிருக்கிறார்.