உங்களுக்குத் தெரியுமா? முகவரி இல்லாத விளக்குகள்

கைபேசி உலாவியில் நாம் தேர்ந்தெடுக்கும் வர்ணத்தை ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியின் வாயிலாகப் பெற்று ஒளிரும் டபிள்யூ.எஸ்.2812பி எல்.இ.டி. பட்டையில், நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கும் செய்தி கொண்டுசெல்வது ஒரே ஒரு கம்பிதான். எந்த விளக்குக்கும் தனி முகவரி கிடையாது!

• முதல் விளக்கு, வந்த செய்தியின் முதல் 24 பிட்டுகளை மட்டும் தனக்கென எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அடுத்ததற்கு அனுப்ப, அதுவும் அவ்வாறே செய்ய, அற்புதமான இந்தக் கிரமத்தில் கடைசி விளக்கு வரை செய்தி போய்ச் சேர்கிறது. நடுவில் ஒன்று பழுதானால் அதற்கப்பால் செய்தி செல்லாது.

• ஒரு விளக்குக்குரிய செய்திக்கு ஆகும் காலம் சுமார் 30 மைக்ரோவினாடி.

• முழு வெண்மையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 மில்லிஆம்பியர் இழுப்பதால், 300 விளக்குகளுக்கு 18 ஆம்பியர் வேண்டும். ஆகையால் மின்சாரத்தைக் கணினியிலிருந்து எடுக்காமல், தனி 5 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள். கிரவுண்டு கம்பியை இரண்டுக்கும் பொதுவாக இணைக்க மறவாதீர்கள்.