விருதுநகர்ச் சந்தையும் நம் வகுப்பறையும்

எட்டாம் வகுப்பில் வணிகம் பற்றிய பாடம் நடத்தச் சென்ற ஒரு நாள், அன்றைய நாளிதழையும் கையோடு எடுத்துச் சென்றேன். அதில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை மாணவர்களை வாசிக்கச் சொன்னேன். எண்ணெய் விலை 15 கிலோவுக்கு, மல்லி விலை 40 கிலோவுக்கு, பருப்பு விலை 100 கிலோ மூட்டைக்கு, வத்தல் விலை குவிண்டாலுக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு கிலோவுக்கு மாற்றிக் கரும்பலகையில் எழுதினோம்.

முண்டு வத்தல் கணக்கு முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்கப்பா போன மாசம் வித்த வெல இதவிட கிலோவுக்கு அம்பது ரூவா கம்மி. அந்த அம்பது ரூவா யாருகிட்ட போச்சு?" என்று கேட்டான்.

என்னிடம் உடனே பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் நான் திரட்டியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். சந்தை ஊர்களின் அருகே பணிபுரியும் ஆசிரியர்கள் பலருக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

விளையாத ஊரில் ஏன் சந்தை?

விருதுநகர் வளமான ஆற்றங்கரை ஊர் அன்று. கௌசிகா நதியில் ஆண்டின் பெரும்பகுதி நீர் இருக்காது. சுற்றிலும் மானாவாரிக் கரிசல் பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, எள், மல்லி, மிளகாய் ஆகியவைதான் பயிர்கள். இவற்றுள் பலவற்றை உழவர் வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்திவிட முடியாது, விற்றாக வேண்டும். காயவைத்தால் நெடுநாள் கெடாமல் இருக்கும், மூட்டையில் கட்டித் தொலைவுக்கு அனுப்பலாம் என்பது இவற்றுக்குப் பொதுவான இயல்பு. சந்தை வளர்வதற்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை.

அடுத்தது பாதை. 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து இப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தபின் வண்டிப் பாதைகளில் போக்குவரத்து பெருகியது. தெற்கிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றிவந்த நாடார் வணிகர்கள், வழியில் வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகள் அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் இவ்வாறு வணிகக் குடியிருப்புகள் உருவாயின. இவற்றுள் விருதுபட்டி என்பதே இன்றைய விருதுநகர்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி வரத்து தடைபட்டது. அவை இந்தியப் பருத்தியை நாடியதால் கரிசல் பருத்திக்கும் கிராக்கி ஏற்பட்டது. 1876இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் ரயில் பாதை வந்தது. இடையில் இருந்த விருதுபட்டிக்கு ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் பெருநகரமும் அருகில் வந்துவிட்டன. 1915இல் நகராட்சியாகி, 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. இன்று இங்கே விலை பேசப்படும் பருப்பிலும் எண்ணெயிலும் பெரும்பகுதி இவ்வூர் மண்ணில் விளைந்ததன்று. வட மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சரக்கு வருகிறது. உடைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி மீண்டும் அனுப்புகிறார்கள். இந்த ஊரின் முதல், நிலம் அன்று. கிட்டங்கியும் ஆலையும் வணிகர்களின் நாணயமும்தான்.

மகமையும் பள்ளிக்கூடமும்

ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. வணிகர்கள் தாம் விற்கும் சரக்கின் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குச் செலுத்தினர். இதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்னும் அமைப்பு இதை நிருவகித்தது. பேட்டை, கிணறு, கோயில் ஆகியவற்றுக்குச் செலவான இந்த நிதி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பியது. அக்காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. மதிப்பு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் கல்வியால் அதைப் பெற முனைந்தது. அப்படி எழுந்ததுதான் விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று திரட்டியும் அப்பள்ளியை நடத்தினார்கள்.

1903 சூலை 15ஆம் நாள் இவ்வூரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் படித்தவர். அவருடைய தந்தை தேங்காய் வணிகர். தந்தை இறந்தபின் குடும்பம் தளர்ந்தது. சிறுவனின் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி இருந்தது, ஊரார் ஆதரவும் இருந்தது. ஆனாலும் வீட்டு வறுமை ஒரு மாணவனை வெளியே இழுத்துவிட்டது. 1954இல் முதலமைச்சரான அவர், ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததோடு நில்லாமல் 1956இல் மதிய உணவுத் திட்டத்தையும் மாநிலம் முழுவதற்கும் எடுத்துச் சென்றார். பள்ளியைக் கட்டினால் மட்டும் போதாது, வயிற்றையும் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய ஆட்சியில் அரசின் கொள்கையாயிற்று. வகுப்பில் காமராசரைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சந்தையையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கு வரலாறு தெளிவாக விளங்குகிறது.

அந்த ஐம்பது ரூபாய்

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நாளிதழில் வருவது, காய்ந்து தரம் பிரித்த வத்தல் நகரத்துக்கு வந்து சேர்ந்தபின் மொத்த வியாபாரத்தில் பேசப்படும் விலை. அவன் தந்தை விற்றது களத்து மேட்டில். இரண்டுக்கும் இடையே ஏற்றுக்கூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, சாக்கு விலை, தரகு, காய்ச்சலில் ஏற்படும் எடைக் குறைவு ஆகியவை உள்ளன. இவற்றைப் பட்டியலிட்டபோது முன் வரிசை மாணவி ஒருத்தி, "ஏற்றுக்கூலி எங்கப்பாவுக்கு சார்" என்றாள். அவள் தந்தை சுமைப்பணித் தொழிலாளி. அந்த ஐம்பது ரூபாய் முழுவதையும் யாரோ ஏமாற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்த வகுப்பு அப்போது சற்று யோசிக்கத் தொடங்கியது.

ஆனால் செலவுகளை எல்லாம் கழித்தும் கணக்கு சரிவரவில்லை. மறுநாள் அந்த மாணவன் வீட்டில் கேட்டு வந்தான். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த உள்ளூர் வியாபாரியிடமே வத்தலை விற்பதாகப் பேச்சு. அறுவடை நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கொண்டுவருவதால் விலை இறங்கும். அப்போதே விற்றுத் தீர வேண்டிய கட்டாயம் கடனால் வருகிறது. எஞ்சிய தொகை அந்தக் கட்டாயத்தின் விலை. அதைக் கடன் சீட்டில் வட்டி என்று எழுதுவதில்லை. சரக்கின் விலையில் கழித்துக்கொள்கிறார்கள்.

இதைத் தணிப்பதற்குத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் ஏற்பட்டன. சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1933இல் வந்தது. அங்கே எடை சரிபார்க்கப்படுகிறது, விலை வெளிப்படையாகக் கேட்கப்படுகிறது, உழவரிடம் தரகு பிடிப்பதில்லை. விளைபொருளைக் கிட்டங்கியில் வைத்து அதன்பேரில் கடன் பெற்று, விலை ஏறும்வரை காத்திருக்கவும் வழி உண்டு. ஆயினும் முன்பணக் கடனில் இருப்பவர் அங்கே போவது எளிதன்று. இதையும் மறைக்காமல் மாணவர்களிடம் சொன்னேன்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தொடக்க வகுப்புகளில் மல்லி, உளுந்து, துவரை, எள் ஆகியவற்றைக் கொண்டுவரச் செய்து பெயர், எடை, விளையும் இடம் ஆகியவற்றைப் பழக்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நாளிதழ் விலைகளை ஒரு கிலோவுக்கு மாற்றவும், ஒரு மாதத்துக்கு வரைபடமாக்கவும் சொல்லலாம். உயர் வகுப்புகளில் ஒரு பொருள் களத்திலிருந்து கடைவரை செல்லும் வழியை எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் உழைப்பவர் யார், பெறுவது என்ன என்று விவாதிக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மாணவர்களின் வீட்டுக் கடன் விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதும்போது கற்பனை எண்களைப் பயன்படுத்துவதே நல்லது. வியாபாரி வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் இருப்பான் என்பதை மறக்கலாகாது.

அம்மாணவனின் தந்தை இந்த ஆண்டும் அதே வியாபாரியிடம்தான் விற்றார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் எடைச் சீட்டை வாங்கியதும் மகனிடம் நீட்டி, "நீ ஒருக்கா கூட்டிப் பாரு" என்றாராம். அவன் கூட்டிப் பார்த்தான். ஒரு மூட்டைக்கான சாக்குக் கழிவு இரண்டு முறை பிடிக்கப்பட்டிருந்தது. வியாபாரி ஒப்புக்கொண்டு திருத்திக் கொடுத்தாராம். மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே வந்து அதை என்னிடம் சொன்னான்.