லினக்ஸ் கணிப்பொறியில் ஒலியும் காட்சியும்: பயன்படுத்துவோர் கூறும் யோசனைகள்

பழைய கணிப்பொறியை எறிந்துவிட மனமின்றி, அதில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்குதளத்தை நிறுவிக்கொள்வோர் நம்மிடையே பலர் உளர். விண்டோஸ் 10 தளத்துக்கு அளிக்கப்பட்டு வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றதும் இதற்கு ஒரு காரணம். புதிய தளத்தில் கடிதம் எழுதுவதற்கோ, கணக்குப் பார்ப்பதற்கோ பெரிய தடை எதுவும் இராது. ஆனால், ஊரிலிருக்கும் பெற்றோரோடு முகம் பார்த்துப் பேச முற்படும்போது ஒலிவாங்கி ஊமையாகிவிட்டால், அல்லது பழைய ஒலிநாடாவிலுள்ள பாட்டியின் குரலைக் கணிப்பொறியில் ஏற்றும்போது வெறும் இரைச்சலே பதிவானால், அந்த ஒரு குறையே கணிப்பொறி முழுவதையும் மூலையில் ஒதுக்கச் செய்துவிடுகிறது. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஒலியும் காட்சியும் பொழுதுபோக்குடன் நின்றுவிடுவன அல்ல. ஊரோடும் உறவினரோடும் மொழியோடும் நாம் கொண்டுள்ள தொடர்பு பெரும்பாலும் அவற்றின் வழியாகவே நடைபெறுகிறது.

இத்தகைய குறைகளைக் களைவதில் பயன்படுத்துவோரின் யோசனைகளுக்கு உள்ள இடம் யாது, எவ்வகை யோசனை பயன் தரும், எவ்வகை யோசனை வீணாகும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதற்கண், ஒலி செல்லும் வழியை அறிந்துகொள்ளுதல் நலம். நாம் ஒரு பாடலை இயக்கும்போது, இசைப்பான் அதனை நேரே ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. இடையில் ஒலிச் சேவகன் என்று கூறத்தக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. பல நிரல்களிலிருந்து வரும் ஒலிகளை ஒன்றாகக் கலந்து, உரிய கருவிக்கு அனுப்புவது அதன் வேலை. அதற்கும் கீழே, லினக்ஸின் கருவகத்தில், ஒலி அட்டையை இயக்கும் டிரைவர்கள் உள்ளன. டிரைவர், ஒலிச் சேவகன், இசைப்பான் என்னும் இம்மூன்றில் எது பழுதுற்றாலும் நமக்குப் புலப்படுவது ஒன்றுதான்: ஒலி வரவில்லை. நோயின் குறி ஒன்றாகவும், நோய்க்குரிய இடம் பலவாகவும் இருப்பதே இத்துறையின் தனித் தொல்லை.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. தொடக்க காலத்தில் ஓ.எஸ்.எஸ். என்னும் முறை இருந்தது. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 2.6 பதிப்புக் கருவகத்தில் ஆல்ஸா என்னும் முறை முதன்மை பெற்றது. அக்காலத்தில், ஒலிகளைக் கலக்கும் ஆற்றல் அட்டையில் இல்லாவிடில், ஒரு நிரல் அட்டையைப் பற்றிக்கொண்டிருக்கும்வரை மற்றொரு நிரல் வாய் திறக்க இயலாத நிலை பலருக்கு நேர்ந்தது. இதற்குப் பரிகாரமாக லென்னார்ட் பொயட்டரிங் 2004-இல் தொடங்கிய பணி, பின்னர் பல்ஸ்ஆடியோ எனப் பெயர் பெற்றது. 2007-இல் ஃபெடோரா 8, 2008-இல் உபுண்டு 8.04 ஆகிய வெளியீடுகள் அதனை ஏற்றுக்கொண்டன.

ஏற்றுக்கொண்டவுடன் புகார்கள் குவிந்தன. ஒலி விட்டு விட்டு வருகிறது என்றனர் சிலர். ஒலியே இல்லை என்றனர் வேறு சிலர். பழுதுகளிற் சில பல்ஸ்ஆடியோவைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் வேறு சில, அதற்கு முன்பே டிரைவர்களில் உறங்கிக் கிடந்தவை. புதிய சேவகன், ஒலி அட்டை கூறும் நேரக் கணக்கை நம்பித் தன் வேலையை வகுத்துக்கொண்டது. பல டிரைவர்கள் அக்கணக்கைப் பிழையாகக் கூறின. முன்பு எவரும் அக்கணக்கை அவ்வளவு நுட்பமாகக் கேட்காததால் பிழை வெளிப்படவில்லை. "இது உதவாது, எடுத்துவிடுங்கள்" என்று எழுதியவர்களால் இப்பிழைகள் திருந்தவில்லை. இன்ன அட்டை, இன்ன பதிப்பு, இன்ன நிலையில் இவ்வாறு நிகழ்கிறது என்று எழுதியவர்களின் குறிப்புகளைக் கொண்டே டிரைவர்களைத் திருத்துதல் இயன்றது.

காட்சித் துறையிலும் இதுபோன்ற ஒரு கட்டம் வந்தது. வேலண்டு என்னும் புதிய திரையமைப்பில், ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்தை எட்டிப் பார்க்க இயலாது. இது பாதுகாப்புக்கு ஏற்ற விதி. ஆயினும், வகுப்பு நடத்தும் ஆசிரியர் தம் திரையை மாணவருக்குக் காட்ட முற்பட்டபோது கருந்திரையே தோன்றியது. பாதுகாப்பையும் கைவிடாமல் இக்குறையையும் தீர்க்க ஒரு வழி வகுக்கப்பட்டது. எந்தத் திரையைக் காட்டலாம் என்று பயன்படுத்துவோரிடமே கேட்டு, அவர் இசைந்த பின்னரே காட்சியை அனுப்பும் முறை அது. அக்காட்சியைச் சுமந்து செல்வது பைப்வயர் என்னும் மென்பொருள். ரெட்ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த விம் டேமன்ஸ் இதனை உருவாக்கினார். முதலில் காட்சிக்கென எழுந்த இது, பின்னர் ஒலியையும் ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-இலும், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10-இலும் இதுவே இயல்பான ஒலிச் சேவகன் ஆயிற்று. 2023 நவம்பரில் இதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. பழைய நிரல்கள் எவ்வித மாற்றமுமின்றி இதனோடு இயங்கும்படி அமைத்தது, முன்பு பட்ட அனுபவத்துக்கு ஏற்ற செயலாகும்.

இனி, யோசனைகள் ஒன்றோடொன்று முரண்படுவதையும் நாம் அறிதல் வேண்டும். கணிப்பொறி வழியே கருவியிசை பயில்பவர், விரலை வைத்த கணத்தில் ஒலி கேட்க வேண்டும் என்பார். திரைப்படம் பார்ப்பவர், மின்கலம் நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பார். ஒலி, சிறு சிறு பொட்டலங்களாகவே அனுப்பப்படுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வேகத்தில், ஒரு பொட்டலத்தில் 1,024 மாதிரிகள் இருந்தால் அது ஏறத்தாழ 21 மில்லி நொடிக்குரிய ஒலி. கணிப்பொறி நொடிக்கு 47 முறை விழித்தெழுந்தால் போதும். பொட்டலத்தை 64 மாதிரிகளாகச் சுருக்கினால் தாமதம் ஏறத்தாழ 1.3 மில்லி நொடி அளவுக்குக் குறையும். ஆனால் நொடிக்கு 750 முறை விழித்தெழ வேண்டும். மின்செலவும் கூடும், வேகம் குறைந்த கணிப்பொறியில் ஒலி அறுந்தும் போகும். ஆகவே, "தாமதத்தை அடியோடு குறையுங்கள்" என்று பொதுவாக எழுதுவது ஒருவருக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் ஆகலாம். இன்ன வேலைக்கு இவ்வளவு தாமதம் தடையாக இருக்கிறது என்று எழுதினால், அந்த வேலைக்கு மட்டும் உரிய ஏற்பாட்டைச் செய்ய வழி பிறக்கும்.

பயனுள்ள யோசனையின் இலக்கணத்தை நான்கு கூறுகளாகச் சொல்லலாம். ஒரு மடலில் ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதுதல் முதலாவது. நாம் செய்ய விரும்பிய காரியத்தை முதலிலும், நாம் கருதும் பரிகாரத்தைப் பின்னரும் கூறுதல் இரண்டாவது. லினக்ஸ் வெளியீட்டின் பெயர், மென்பொருளின் பதிப்பு, கருவியின் பெயர் ஆகியவற்றைத் தருதல் மூன்றாவது. பிறர் அதே குறையைத் தம் கணிப்பொறியில் வரவழைத்துப் பார்க்கும்படி, செய்த செயல்களை வரிசையாகக் கூறுதல் நான்காவது. இவற்றுள் நான்காவதே தலையாயது. தம் கண்முன் நிகழாத பழுதைத் திருத்துவது எத்தகைய வல்லுநருக்கும் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒலிநாடாவிலிருந்து குரலைப் பதிவு செய்ய முனையும் ஒருவர், "ஆடாசிட்டியில் பதிவு சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. "ஒலிநாடாக் கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணிப்பொறியின் ஒலிவாங்கித் துளைக்குக் கம்பி இணைத்தேன், கருவியில் ஒலியளவைப் பாதிக்கு மேல் வைத்தால் குரல் கரகரக்கிறது, குறைத்தால் தெளிகிறது" என்று எழுதினால், காரணம் உடனே விளங்கிவிடும். ஒலிவாங்கித் துளை மிக மெல்லிய மின்சைகைக்கென அமைந்தது. வலுவான சைகை அங்கே புகுந்தால் அதன் உச்சிகள் வெட்டுண்டு போகும். இது மென்பொருளின் பழுதன்று. எனினும், இதிலிருந்தே ஒரு நல்ல யோசனை பிறக்கிறது: ஒலி வெட்டுண்ணும்போது அளவுமானி சிவப்பு நிறம் காட்டுவதோடு நில்லாமல், "உள்வரும் ஒலி மிகுதியாக உள்ளது, குறைக்கவும்" என்று சொற்களாலும் கூறலாமே!

பயன்படுத்துவோர் மறுத்துரைத்ததற்கும் மதிப்பு இருந்ததுண்டு. 2021 மே மாதத்தில், ஆடாசிட்டி எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்னும் தகவலைத் திரட்டும் ஏற்பாடு ஒன்று முன்மொழியப்பட்டது. கடும் எதிர்ப்பு எழவே, அது கைவிடப்பட்டது. வேண்டும் என்று கேட்டவையும் நிறைவேறியுள்ளன. ஒலியில் செய்யும் மெருகுகளை, மூலப் பதிவை மாற்றாமல், கேட்டுக்கொண்டே சரிசெய்யும் வசதி 2022-இல் அதன் 3.2 பதிப்பில் வந்தது. காட்சித் தொகுப்புக்கு உதவும் கேடென்லைவ், 2022-இல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. ஒரு தொகுப்பினுள் மற்றொரு தொகுப்பை அடக்கும் வசதி, மறு ஆண்டு வெளியான 23.04 பதிப்பில் சேர்க்கப்பட்டது. யோசனையோடு பொருளுதவியும் சேரும்போது காரியம் விரைவுபெறும் என்பது வெளிப்படை.

சில குறைகளுக்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று, சட்டமாகும். எம்பி3 முறைக்கு உரிமம் வழங்கும் திட்டத்தை அதன் உரிமையாளர்கள் 2017-இல் முடித்துக்கொண்டனர். அதற்குப் பின்னரே எல்லா லினக்ஸ் வெளியீடுகளும் அதனைத் தயக்கமின்றிச் சேர்க்க முடிந்தது. எச்.264 போன்ற காட்சி முறைகளுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்தமையால், 2022-இல் ஃபெடோரா அவற்றுக்கான வன்பொருள் உதவியைத் தன் தொகுப்பிலிருந்து விலக்கியது. அவ்வுதவி இல்லாதபோது, திரைப்படத்தை விரிக்கும் சுமை முழுவதும் மையச் செயலியின் மேல் விழும். பழைய கணிப்பொறி சூடேறித் தடுமாறும். சட்டத்தை மாற்றுவது மென்பொருள் எழுதுவோர் கையில் இல்லை. ஆனால், "இப்படம் வன்பொருள் உதவியின்றி ஓடுகிறது, காரணம் இது" என்று திரையில் ஒரு வரி காட்டுவது அவர்கள் கையில் உள்ளது. நாம் கேட்கத்தக்கது இதுவே.

ப்ளூடூத் ஹெட்போன் பற்றிய புகாரும் இவ்வகையினதே. பாட்டு இனிமையாகக் கேட்கிறது. அழைப்பு தொடங்கியதும் தொலைபேசிக் குரல்போல் மங்கிவிடுகிறது. பழைய ப்ளூடூத் ஏற்பாட்டில், உயர்தர ஒலி ஒரு திசையில் மட்டுமே செல்லும். ஒலிவாங்கியும் வேண்டுமெனில் தரம் குறைந்த வேறு முறைக்கு மாறவேண்டும். இம்மாற்றத்தை அறிவிக்காமல் செய்வதே மக்களைக் குழப்புகிறது. மாறும்போது அறிவிப்பதும், கணிப்பொறியின் சொந்த ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமே என்று வழிகாட்டுவதும் பெரிய வேலையல்ல. அழைப்புக்கு முன் ஐந்து நொடி பேசிப் பதிந்து, தம் குரலைத் தாமே கேட்டுப் பார்க்கும் பொத்தான் ஒன்றை ஒலி அமைப்புப் பலகையிலேயே வைத்தால், முதியோர் பலருக்கு அது பேருதவியாகும்.

இறுதியாக, நாம் மட்டுமே கூறக்கூடிய யோசனைகளும் உள்ளன. தமிழில் "கொ" என்னும் எழுத்தின் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்கும். கணிப்பொறியின் நினைவிலோ, முதலில் ககரமும் அதன் பின்னர் உயிர்க்குறியும் உள்ளன. அவற்றை உரிய இடத்தில் அமைத்து வரைவதற்குத் தனி நிரலகம் தேவை. துணைத்தலைப்புகளை வரையும் லிப்ஆஸ், இதற்கென ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்தின் துணையைக் கொள்கிறது. அத்தகைய துணையை நாடாத நிரலில் எழுத்துகள் சிதறித் தோன்றும். பழைய இசைக் கோப்புகளில் யூனிகோடுக்கு முற்பட்ட குறியேற்றத்தில் எழுதிய பாடற்பெயர்கள் விளங்காக் குறிகளாய்க் காட்சி தருவதும் உண்டு. ஐரோப்பாவில் அமர்ந்து நிரல் எழுதும் ஒருவர், இவை பிழை என்பதைத் தாமாக அறிய வழியில்லை. பிழையான படத்தையும் சரியான வடிவத்தையும் அருகருகே வைத்து ஒரு தமிழர் எழுதி அனுப்பினாலன்றி, அது எவர் கண்ணிலும் படாது. மும்பையிலோ, பெங்களூரிலோ, டில்லியிலோ இருந்து அனுப்பும் அக்குறிப்பு, தமிழ் வழங்கும் இடமெங்கும் பயன் தரும்.

கட்டற்ற மென்பொருளை எழுதுவோருள் பலர் தம் ஓய்வு நேரத்தை ஈந்து உழைப்பவர். அவர்களுக்கு எழுதும்போது இனிய சொல் வேண்டும். தெளிவு அதனினும் வேண்டும். முன்பே எவரேனும் அக்குறையைப் பதிந்துள்ளனரா என்று பிழைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு எழுதுதல் அவர்கள் நேரத்தைக் காக்கும். ஆங்கிலம் எழுதத் தயங்கும் அன்பர்கள், கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் துணையைக் கொள்ளலாம். குறையைக் கண்டு வாளாவிருப்பதைவிட, அரைமணி நேரம் செலவிட்டு அதனை முறையாகத் தெரிவிப்பது நமக்கும், நம்மைப் போன்ற குறையுடைய பிறர்க்கும் நலம் பயக்கும்.