தூதும் சுங்கமும்

ஆபிரிக்காக் கண்டத்தின் கிழக்கே, செங்கடலை அடுத்து, எதியோப்பியா, எரித்திரியா என்னும் இரு நாடுகள் உள்ளன. இருபது ஆண்டுக்காலம் தூதரகமும் வணிகமும் தொலைபேசித் தொடர்பும் இன்றிப் பகைத்திருந்த இவ்விரு நாடுகளும் 2018ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கைகோத்தன. உலகம் வியந்தது. மறு ஆண்டில் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. ஆயினும், அவ்வேளை திறக்கப்பட்ட எல்லை வாயில்கள் ஓராண்டு நிறையுமுன்னே ஒவ்வொன்றாக அடைபட்டன. பகை நீங்கிய இரு நாடுகள் மீண்டும் அயலாராய் வாழ்வதற்கு எது வேண்டும்? தலைவர்களின் நல்லெண்ணம் மாத்திரம் போதுமா? இவ்வினாவை அவ்விரு நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாட்டார் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர். எரித்திரியாவின் மேட்டுநிலத்திலும் எதியோப்பியாவின் வடபாகமாகிய திக்ராயிலும் பேசப்படுவது திக்ரிஞா என்னும் ஒரே மொழி. இருபுறத்துக் கிறித்தவக் கோயில்களிலும் வழிபாட்டுக்குரியது கீஸ் என்னும் பழைய மொழி. அதன் எழுத்தே இன்றும் இருவரும் வழங்கும் எழுத்து. புளித்த மாவினாற் சுடும் இஞ்செரா என்னும் அப்பமும், விருந்தினர் முன்னிலையில் வறுத்து இடித்துக் காய்ச்சித் தரும் கோப்பியும் இரு வீட்டார்க்கும் பொது. இங்ஙனம் உறவினராய் இருந்தோர் பகைவராயினர் என்பதே இவ்வரலாற்றின் துன்பம்.

1890இல் இத்தாலியர் செங்கடற் கரையோரத்தைத் தம் குடியேற்ற நாடாக்கி, அதற்கு எரித்திரியா எனப் பெயரிட்டனர். 1941இல் அது பிரித்தானியர் கைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 1952இல் எதியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. பேரரசர் ஹெயிலி செலாசி 1962இல் அக்கூட்டாட்சியைக் கலைத்து, எரித்திரியாவைத் தம் நாட்டின் ஒரு மாகாணமாக்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட்ட விடுதலைப் போர் முப்பது ஆண்டுகள் நீடித்து, 1991இல் முடிவுற்றது. 1993 ஏப்பிரலில் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 99 பேருக்கு மேற்பட்டோர் தனிநாட்டை விரும்பி வாக்களித்தனர். எதியோப்பிய அரசும் அம்முடிவை ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் இரு தலைநகரங்களிலும் ஆட்சிபுரிந்தோர் பழைய போர்த்தோழர்களே. அஸ்மாராவில் இசாயாஸ் அஃபெவெர்க்கியும், அடிஸ் அபாபாவில் மெலெஸ் செனாவியும் அதிகாரத்தில் இருந்தனர். தோழமை உள்ளவிடத்தில் ஏடும் எழுத்தும் எதற்கு என அவர்கள் எண்ணினர் போலும். எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது நிலத்திற் குறிக்கப்படவில்லை. கடற்கரையை இழந்த எதியோப்பியா அசாப் துறைமுகத்தை முன்போலவே பயன்படுத்தி வந்தது. பிர் என்னும் எதியோப்பிய நாணயமே இரு நாடுகளிலும் வழங்கிற்று.

1997 நவம்பரில் எரித்திரியா தனக்கெனப் புதிய நாணயம் ஒன்றை வெளியிட்டு, விடுதலைப் போரில் அரணாய் நின்ற நக்ஃபா என்னும் ஊரின் பெயரை அதற்கு இட்டது. நக்ஃபாவும் பிர்ரும் ஒரே மதிப்பில் இருபுறமும் செல்லவேண்டும் என்றது எரித்திரியா. எல்லையோரச் சிறுவணிகம் தவிர ஏனைய கொடுக்கல் வாங்கலெல்லாம் டொலர் போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே தீர்க்கப்படவேண்டும் என்றது எதியோப்பியா. வணிகம் தளர்ந்தது; மனங்களும் கசந்தன. ஆறு மாதங்கள் சென்றபின், 1998 மே 6ஆம் நாள், பட்மே என்னும் சிற்றூரிற் படையினர் மோதிக்கொண்டனர். நாணயப் பிணக்கு ஒன்றே போரை மூட்டியது என்று கூறுதல் பொருந்தாது. எனினும், தோழமையை நம்பி எழுதாது விட்ட இரண்டு கணக்குகள், அஃதாவது நிலக்கணக்கும் பணக்கணக்கும், ஒருங்கே வந்து நின்ற வேளை அது என்பதில் ஐயமில்லை.

பட்மேயிற் பொன்னும் இல்லை, எண்ணெயும் இல்லை. அவ்வூரின் பெயரால் மூண்ட போர் இரண்டாண்டுகள் நடந்தது. மாண்டவர் 70,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இரு அரசுகளும் மறுநாட்டு வழிவந்தோரைப் பல்லாயிரக் கணக்கில் வெளியேற்றின. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மறுநாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 2000 டிசம்பர் 12ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரில் அமைதி உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்வழி ஹேக் நகரில் அமைந்த எல்லை ஆணைக்குழு 2002 ஏப்பிரல் 13ஆம் நாள் தீர்ப்பு வழங்கிற்று. அத்தீர்ப்பின்படி பட்மே எரித்திரியாவுக்குரியது. எதியோப்பியாவோ அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

அன்று தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் போருமில்லை, அமைதியுமில்லை என்னும் நிலை நிலவிற்று. எதியோப்பியா தன் கடல்வணிகம் முழுவதையும் பெரும்பாலும் ஜிபூத்தித் துறைமுகத்தின் மீதே சுமத்தியது. அசாப் துறைமுகத்திற் கப்பல்கள் அருகின. எரித்திரியாவிலோ, பதினெட்டு மாதங்கள் என்று சட்டம் வகுத்த தேசிய சேவை எல்லையின்றி நீண்டது. அதற்குத் தப்பி நாட்டைவிட்டு ஓடிய இளைஞர் தொகை மிகப் பெரிது.

2018 ஏப்பிரலில் எதியோப்பியாவின் பிரதமரான அபி அகமது, யூன் மாதத்தில் அத்தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக அறிவித்தார். எரித்திரியாவிலிருந்து தூதுக்குழு ஒன்று வந்தது. யூலை 8ஆம் நாள் அபி தாமே அஸ்மாராவிற் சென்று இறங்கினார். மறுநாள் இரு தலைவர்களும் ஐந்து பிரிவுகள் கொண்ட கூட்டுப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டனர். போர்நிலை முடிந்தது, நெருங்கிய கூட்டுறவு மலரும், போக்குவரத்தும் வணிகமும் தூதுறவும் மீண்டும் தொடங்கும், எல்லைத் தீர்ப்பு நிறைவேறும், அயல்நாடுகளின் அமைதிக்கும் இருவரும் உழைப்பர். இவையே அவ்வைந்து பிரிவுகளின் சாரம்.

தொலைபேசி இணைப்புக் கிடைத்ததும், உறவினரின் எண் அறியாதோர் கூட மறுநாட்டின் ஏதேனுமொரு எண்ணை அழைத்து முன்பின் அறியாதவரோடு உரையாடி மகிழ்ந்தனர். யூலை 18ஆம் நாள் இருபது ஆண்டுகளுக்குப் பின் முதல் விமானம் அஸ்மாராவுக்குப் பறந்தது. பயணிகள் மிகுந்தமையால் அன்றே இரண்டு விமானங்கள் செல்ல நேர்ந்தது. இறங்கியோர் சிலர் நிலத்தை முத்தமிட்டனர். செப்டெம்பர் 11ஆம் நாள், இருநாட்டார்க்கும் பொதுவான புத்தாண்டுத் தினத்தில், சலம்பெசா, புரே ஆகிய இடங்களில் எல்லை திறக்கப்பட்டது. எதியோப்பியாவிலிருந்து தானியமும் சீமெந்தும் ஏற்றிய வண்டிகள் வடக்கே சென்றன. அஸ்மாராச் சந்தையிற் பண்டங்களின் விலை இறங்கியது.

யான் மாணவர்க்குத் திருக்குறளின் தூது அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, உரையாசிரியர் பரிமேலழகர் தூதரை இருவகையினராகப் பகுத்திருப்பதை எடுத்துக்காட்டுவது வழக்கம். இடமும் காலமும் அறிந்து தாமே சொல்லை அமைத்துப் பேசுவோர் ஒருவகையினர்; தம் அரசன் சொல்லிவிட்டதை மாறாது சென்று சொல்வோர் மற்றொரு வகையினர். அஸ்மாராவிலே தலைவர்கள் தாமே தூதராகித் தாமே சொல்லை வகுத்தனர். அத்தூதின் ஆற்றலை எவரும் குறைத்து மதித்தல் ஆகாது. இருபது ஆண்டுகள் உலகப் பெருமன்றங்களாலே செய்ய முடியாததை அது சில நாட்களிற் செய்தது. ஆனால், தூது முடிந்த மறுநாட் காலையிற் சந்தைக்கு வருகின்ற வணிகனுக்கு விடை கூறவேண்டியவன் தூதனல்லன், சுங்க அதிகாரி.

தானியம் ஏற்றி வந்தவன் எவ்வளவு தீர்வை செலுத்த வேண்டும்? விற்ற பணத்தை நக்ஃபாவாகப் பெற்றால் அதனை எங்கே, எவ்விகிதத்திற் பிர்ராக மாற்றுவது? கொள்வோனும் கொடுப்போனும் பிணங்கினால் எந்நாட்டு நீதிமன்றம் வழக்கை விசாரிக்கும்? எல்லை கடப்போன் எப்பத்திரத்தைக் காட்டவேண்டும்? இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் எழுதிய விடை இருக்கவில்லை. 1997இற் பிணக்கை வளர்த்த நாணயக் கணக்கு 2018இலும் தீர்க்கப்படாமலே கிடந்தது. வணிகர்கள் தெருவோரத்திலே தாம் இசைந்த விகிதத்திற் பணம் மாற்றினர். எல்லை திறந்ததும் எரித்திரிய மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறி எதியோப்பியாவிற் புகலிடம் தேடினர்.

2018 டிசம்பர் இறுதியிலே சலம்பெசாவிற் கடப்போரிடம் அனுமதிப் பத்திரம் கேட்கத் தொடங்கினர். 2019 ஏப்பிரலுக்குள் ஏனைய வாயில்களும் எரித்திரியப் பக்கத்தில் அடைபட்டன. அடைப்பதற்குக் காரணம் கூறப்படவில்லை. எந்த விதியின்படி திறந்தது என்று எழுதப்படாத வாயிலை, எந்த விதியின்படி மூடினாய் என்று கேட்பது எங்ஙனம்?

இங்கே ஒரு தடை எழலாம். விதிகள் எழுதப்பட்டிருப்பினும் மூட விரும்பிய அரசு மூடியே இருக்கும். ஆட்சியாளரின் உள்ளமே காரணம், ஏடன்று எனச் சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மையுண்டு. அல்ஜியர்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தும் பதினெட்டு ஆண்டுகள் நிறைவேறாது கிடந்ததை மேலே கண்டோம். ஆயின், ஏடு செய்யும் பணி வேறொன்று உளது. வணிக உடன்படிக்கை ஒன்றை எழுதப் புகுந்தால், வணிகரையும் வங்கியாளரையும் எல்லையூர் மக்களையும் அழைத்துக் கேளாமல் எழுத முடியாது. அங்ஙனம் கேட்கும்போது அமைதியானது இருவருடைய உடைமை என்னும் நிலை மாறிப் பலருடைய உடைமையாகிறது. 2018இல் அது நிகழவில்லை. எல்லையின் நெடும்பகுதி திக்ராய் மக்களின் வாயிலில் இருந்தும், அம்மக்களின் தலைவர்களுக்கு அமைதிப் பேச்சில் இடம் தரப்படவில்லை. அவர்களுக்கும் அஸ்மாராவுக்கும் இடையிலிருந்த பழம்பகையும் ஆறவில்லை.

இதன் விளைவை உலகம் கண்டது. 2020 நவம்பரில் எதியோப்பிய அரசுக்கும் திக்ராய்த் தலைவர்களுக்கும் இடையே போர் மூண்டபோது, எரித்திரியப் படை அரசின் பக்கம் நின்று எல்லையைக் கடந்தது. தானிய வண்டிகள் சென்ற பாதையிற் பீரங்கிகள் வந்தன. பொதுமக்கள் கொல்லப்பட்டமையை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. 2022 நவம்பர் 2ஆம் நாள் பிரிட்டோரியா நகரிற் போரை நிறுத்தும் உடன்பாடு எழுதப்பட்டது. எரித்திரியா அதில் ஒப்பமிட்ட தரப்பாக இருக்கவில்லை. பின்னர் இரு தலைநகரங்களுக்கும் இடையிலான நட்புத் தளர்ந்தது. செங்கடலுக்கு வழி பெறுதல் தம் நாட்டின் வாழ்வுக்கு இன்றியமையாதது என 2023 அக்டோபரிலே அபி பேசியபோது அஸ்மாராவில் ஐயம் மிகுந்தது. 2024 செப்டெம்பரில் எதியோப்பிய விமானசேவை அஸ்மாராப் பயணங்களை நிறுத்தியது.

ஏட்டின் பயனை மறுபுறமாகக் காட்டவும் ஒரு வரலாறு உண்டு. தென்னமெரிக்காவிற் பேரு, எக்குவடோர் என்னும் அயல்நாடுகள் எல்லை குறித்து 1941இலும் 1995இலும் போரிட்டன. குறிக்கப்படாது கிடந்த எல்லை ஏறத்தாழ 78 கிலோமீற்றரே. பட்மேயிற் போர் தொடங்கிய அதே 1998ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், பிரசீலியா நகரில் இவர்கள் சமாதானம் செய்தனர். எல்லையை மாத்திரம் எழுதி எழுந்துவிடவில்லை; வணிகத்துக்கும் ஆற்றுப் போக்குவரத்துக்கும் தனி உடன்படிக்கை எழுதினர்; எல்லைப்புற ஊர்களை இரு நாடுகளும் கூடி வளர்ப்பதற்கும் திட்டம் வகுத்தனர். எக்குவடோர் வீரர் பலர் மாண்ட திவின்சா என்னும் இடத்தில் ஒரு சதுரக் கிலோமீற்றர் நிலம், பேருவின் ஆட்சிக்கு உட்பட்டவாறே, எக்குவடோருக்குத் தனியுடைமையாக வழங்கப்பட்டது. இறந்தோரை நினைப்பதற்கும் ஏட்டில் இடம் வைத்தனர். அதன்பின் இரு நாடுகளிலும் ஆட்சிகள் பல மாறின, அவ்வமைதி மாறவில்லை.

இச்செய்தி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடவந்த புலவர், கப்பலையும் பண்டத்தையும் மாத்திரம் பாடவில்லை. பொதிகளுக்குப் புலிமுத்திரை இட்டு உல்கு கொள்வோரையும் பாடினார். அவர்களின் அயராத உழைப்பு புலவர்க்குப் பாடத்தகுந்த பொருளாகத் தோன்றியது. பிற்காலத்தில் முதலாங் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழப்பெற்றான். கொள்வதாயினும் தவிர்ப்பதாயினும் சுங்கம் அரசாணைக்கு உட்பட்டிருந்தது. வணிகன் தான் நிற்கும் நிலையை அறிந்திருந்தான்.

சலம்பெசா வாயில் மீண்டும் ஒருநாள் திறக்கவே செய்யும். மொழியும் உறவும் இருபுறமும் இருக்கையில், வாயிலை என்றும் மூடிவைத்தல் எந்த அரசுக்கும் இயலாது. அந்நாளில் தலைவர்கள் தழுவிக்கொள்ளட்டும். மலர் தூவி அவர்களை வரவேற்கட்டும். அம்மலர்கள் வாடுமுன், நாணய மாற்றுக்கு ஒரு விகிதம், பண்டத்துக்கு ஒரு தீர்வை, பிணக்குக்கு ஒரு நீதிமன்றம், கடப்போனுக்கு ஒரு பத்திரம் ஆகிய இந்நான்கினையும் எல்லையூர் மக்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும். இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த தாயும் மகளும் ஒருமுறை கண்டு அழுவதற்குத் தலைவர்களின் தழுவல் போதும். ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று வருவதற்கு, அந்த நான்கும் வேண்டும்.